கடல் ஒரு நெகட்டிவ், வானம் ஒரு நெகட்டிவ்: உங்கள் போனின் எச்.டி.ஆர். வித்தையை 1857-லேயே செய்து காட்டிய குஸ்தாவ் லெ கிரே யார்?

பீச்சில் நின்று செல்போனில் போட்டோ எடுக்கிறீர்கள். முகம் தெளிவாக விழுந்தால் பின்னாடி இருக்கும் வானம் வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்துப்போகிறது. வானத்தைச் சரிசெய்தால் முகம் கருத்துவிடுகிறது. இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் உங்கள் போன் கேமராவில் எச்.டி.ஆர். என்ற வசதி இருக்கிறது. பல போன்களில் அது தானாகவே வேலை செய்கிறது. நாம் கவனிப்பதுகூட இல்லை.

இதே தொல்லை சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது. அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. மெமரி கார்டு கிடையாது. பிலிம் ரோல்கூட வந்திருக்கவில்லை. கண்ணாடித் தட்டும், ரசாயனமும், வெயிலும் மட்டும்தான். அதை வைத்தே பிரான்ஸைச் சேர்ந்த ஒருவர் கடலையும் வானத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து, ஒரே தாளில் சேர்த்தார். ஐரோப்பாவே வாய் பிளந்து பார்த்தது.

அவர் பெயர் குஸ்தாவ் லெ கிரே. அரசரைப் படம் எடுத்தவர், பாரிஸின் பிரபலமான இடத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், கடைசியில் கடன்காரர்களுக்குப் பயந்து ஊரைவிட்டே போனவர். அவருடைய கதை என்ன? அவர் செய்தது திறமையா, ஏமாற்று வேலையா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், எச்.டி.ஆர். என்றால் என்ன?

ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம்தான் எச்.டி.ஆர். ஒரு காட்சியில் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் டைனமிக் ரேஞ்ச் என்கிறார்கள்.

நம் கண் இந்த இடைவெளியை ஓரளவு நன்றாகவே சமாளிக்கும். வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும், நிழலைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னை மாற்றிக்கொள்ளும். மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குக் காட்டிவிடும்.

கேமராவால் அது முடியாது. சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி. வெளிச்சம் விழ விழ நிறையும். நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் வழிந்து போகும். அப்படி வழிந்த இடம்தான் போட்டோவில் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கம், மிகக் குறைவாக வெளிச்சம் விழுந்த இடம் கருப்பாகவோ, புள்ளி புள்ளியாகவோ போய்விடுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக இருக்கும் பகுதியை எடுத்துச் சேர்ப்பது. மற்றொன்று, ஒரே ஒரு படத்தை யோசித்து எடுத்து, அதற்குள் ஒளிந்திருக்கும் விவரங்களை வெளியே கொண்டுவருவது. இந்த இரண்டையும் லெ கிரே செய்து பார்த்திருக்கிறார்.

யார் இந்த லெ கிரே?

1820-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ம் தேதி, பாரிஸுக்கு வடக்கே உள்ள வில்லியே-லெ-பெல் என்ற ஊரில் பிறந்தார் லெ கிரே. மகன் சட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. அவருக்கோ சின்ன வயதிலிருந்தே ஓவியத்தில்தான் பித்து.

பாரிஸில் பால் டெலாரோஷ் என்ற பெரிய ஓவியரிடம் பயிற்சி பெற்றார். பிறகு இத்தாலிக்குப் போனார். ரோமில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கேயே பால்மிரா லியோனார்டி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, 1847-ல் பாரிஸ் திரும்பினார்.

போட்டோகிராஃபி என்ற விஷயம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அப்போது லெ கிரேவுக்கு 18 வயது. அதாவது, அவர் வாலிபரானபோதுதான் போட்டோவும் பிறந்தது. பாரிஸ் திரும்பியதும் ஓவியத்தோடு சேர்த்து இந்தப் புதுக் கலையிலும் இறங்கினார். 1848-ல் பாரிஸின் புகழ்பெற்ற சலோன் கண்காட்சியில் அவருடைய ஓவியம் இடம்பெற்றது. ஆனா, அவர் பெயரைச் சரித்திரத்தில் நிறுத்தியது தூரிகை இல்லை, கேமராதான்.

மெழுகு தடவிய தாள்

அந்தக் காலத்தில் நெகட்டிவ் எடுக்க ரசாயனம் தோய்த்த தாளைத்தான் பலர் பயன்படுத்தினார்கள். இதில் ஒரு சிக்கல். தாளின் நார் படத்திலும் தெரியும். விளிம்புகள் மங்கலாக இருக்கும். தாளைத் தயார் செய்தால் சீக்கிரம் பயன்படுத்தியாக வேண்டும்.

லெ கிரே என்ன செய்தார் தெரியுமா? ரசாயனம் தோய்ப்பதற்கு முன்பே தாளில் உருகிய மெழுகை ஏற்றினார். நார்களுக்கு நடுவில் இருந்த ஓட்டைகளை மெழுகு அடைத்துவிட்டது. தாள் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி ஆனது. படத்தில் நுணுக்கம் கூடியது. முக்கியமாக, தாளைப் பல நாட்களுக்கு முன்பே தயார் செய்து பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். 1851-ல் வெளியான இந்த முறை, பயணம் செய்து படம் எடுப்பவர்களுக்குப் பெரிய வரமாக அமைந்தது.

இதே காலத்தில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைப் பூசிப் படம் எடுக்கலாம் என்பதையும் 1850-ல் எழுதிய கையேட்டில் லெ கிரே குறிப்பிட்டிருந்தார். ஆனா அதைப் படிப்படியாக, யார் வேண்டுமானாலும் செய்யும்படி 1851-ல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர். கண்டுபிடித்த பெருமை ஆர்ச்சருக்கே போனது. யோசனை முதலில் தன்னுடையது என்று லெ கிரே பிறகு வாதாடிப் பார்த்தார். பெரிதாக எடுபடவில்லை.

ஆசிரியராகவும் அவர் பெயர் எடுத்தார். சார்ல் நெக்ர், ஹென்றி லெ செக், எகிப்தைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற மாக்சிம் டு கேம்ப் எனப் பலர் அவரிடம் தொழில் கற்றவர்கள்தான்.

அரசு அனுப்பிய 5 பேர்

1851-ல் பிரான்ஸ் அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் ஒரு வேலையைக் கையில் எடுத்தது. நாடு முழுக்கப் பாழடைந்து கிடக்கும் தேவாலயங்கள், கோட்டைகள், அரண்மனைகளைப் படம் எடுக்க வேண்டும். எதைப் பழுது பார்ப்பது என்று முடிவு செய்ய அந்தப் படங்கள் உதவும். இதற்காக 5 போட்டோகிராஃபர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பாயார், பால்டுஸ், லெ செக், மெஸ்த்ரால் ஆகியோருடன் ஐந்தாவது ஆள் லெ கிரே.

லெ கிரேவும் மெஸ்த்ராலும் சேர்ந்து தென்மேற்குப் பகுதிக்குப் போனார்கள். லுவார் ஆற்றங்கரை அரண்மனைகள் முதல் கார்கசோன் கோட்டை வரை படம் எடுத்தார்கள். கார்கசோன் இன்று பளபளவென்று சீரமைக்கப்பட்ட சுற்றுலாத் தலம். சீரமைப்புக்கு முன் அது எப்படி இருந்தது என்பதற்கு இவர்கள் எடுத்த படங்கள் சாட்சி.

ஆனா, இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த படங்களை அரசு அப்போது புத்தகமாக வெளியிடவில்லை. பாராட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டது. லெ கிரேவுக்கு இது முதல் பாடம். பாராட்டு வேறு, பிழைப்பு வேறு.

வானம் ஏன் வெள்ளையாகப் போனது?

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1850-களில் எடுத்த பல இயற்கைக் காட்சிப் படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். மரம் இருக்கும், வீடு இருக்கும், மலை இருக்கும். வானம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஒரு மேகம்கூட இருக்காது.

அன்று வானத்தில் மேகமே இல்லையா? இருந்தது. படத்தில் விழவில்லை. காரணம், அந்தக் காலத்து ரசாயனத்துக்கு எல்லா நிறமும் ஒன்றில்லை. நீல ஒளிக்கு அது உடனே வேலை செய்யும். பச்சைக்கு மெதுவாக. சிவப்புக்கு கிட்டத்தட்ட செய்யவே செய்யாது. வானமோ நீலம், அதோடு வெளிச்சமும் அதிகம். நிலமும் மரமும் நெகட்டிவில் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்துவிடும். வெள்ளை மேகத்துக்கும் நீல வானத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

சரி, நேரத்தைக் குறைத்து எடுத்தால்? மேகம் அழகாக விழும். நிலம் கருத்துவிடும். உங்கள் போனில் நடக்கும் அதே கதைதான்.

பலர் இதை அப்படியே விட்டுவிட்டார்கள். சிலர் நெகட்டிவில் கையால் மேகம் வரைந்தார்கள். வானத்துக்குத் தனி நெகட்டிவ் எடுத்துச் சேர்க்கலாம் என்ற யோசனையும் அந்த வட்டாரத்தில் உலவிக்கொண்டிருந்தது. ஆகவே இதை முதலில் நினைத்தவர் லெ கிரே என்று சொல்ல முடியாது. ஆனால் அதைக் கடல் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றை வைத்து, பார்ப்பவர் அசந்துபோகும்படி செய்து காட்டியவர் அவர்தான்.

ஒரே நெகட்டிவ்: கப்பலும் பொய் நிலவும்

1856-ல் நார்மண்டி கடற்கரையில் லெ கிரே ஒரு படம் எடுத்தார். நடுக்கடலில் ஒரு சின்னப் பாய்மரக் கப்பல். மேலே மேகக் கூட்டம். மேகத்துக்குப் பின்னால் ஒளி. அந்த ஒளி தண்ணீரில் தகதகக்கிறது. கரையோரங்கள் கருத்துக் கிடக்கின்றன.

பார்த்தவர்கள் பலர் இதை நிலா வெளிச்சத்தில் எடுத்த படம் என்றே நினைத்தார்கள். நிலவொளியில் கப்பல் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உண்மையில் அது பட்டப்பகலில் எடுத்தது. அன்றைய ரசாயனத்துக்கு நிலா வெளிச்சத்தில் கடலைப் பிடிக்கும் சக்தியே இல்லை.

எப்படிச் செய்தார்? சூரியன் இருக்கும் திசைக்கே கேமராவைத் திருப்பினார். மேகமும், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் இரண்டுமே நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி குறைந்த நேரம் மட்டும் ஒளியை உள்ளே விட்டார். மற்ற இடங்கள் கருத்துப்போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். அதனால் கடலும் வானமும் ஒரே தட்டில் விழுந்தன. நேரம் குறைவு என்பதால் அலையும் கலங்காமல் நின்றது.

1856 இறுதியில் லண்டன் கண்காட்சியில் இந்தப் படம் வைக்கப்பட்டது. ஆர்டர்கள் குவிந்தன. லெ கிரே பெயர் கடல் தாண்டியது.

இன்றைக்கும் ஒரே க்ளிக்கில் எச்.டி.ஆர். செய்பவர்கள் பின்பற்றுவது இதே பாதைதான். வெளிச்சமான இடம் வெளுத்துப்போகாதபடி கொஞ்சம் இருட்டாகவே படம் எடுப்பார்கள். பிறகு ரா ஃபைலில் இருந்து நிழல் பகுதியை மேலே தூக்குவார்கள். ஏன் இந்த வரிசை? நிழலில் கொஞ்சமாவது விவரம் மிச்சம் இருக்கும். ஆனா வெளுத்துப்போன வானத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இரண்டு நெகட்டிவ்: செத் நகரின் பெரிய அலை

அடுத்த ஆண்டு, 1857. பிரான்ஸின் தெற்கே மத்திய தரைக்கடல் ஓரம் இருக்கும் செத் என்ற துறைமுக ஊர். இங்கேதான் லெ கிரே தன் மிகப் புகழ்பெற்ற படத்தை எடுத்தார். அதன் பெயர் பெரிய அலை.

கரையை நோக்கி வந்து உடையும் அலை ஒருபக்கம். மேலே கனத்த மேகங்கள். இரண்டுமே துல்லியம். அன்றைய தொழில்நுட்பத்தில் இது நடக்கவே முடியாத காரியம். அப்படியானால் எப்படி?

படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், அலைக்கு ஒரு கண்ணாடித் தட்டு. கொலோடியன் பூசி, வெள்ளி ரசாயனத்தில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்தாக வேண்டும். எடுத்த உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவ வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். அதுவும் காற்றும் மணலும் அடிக்கும் கடற்கரையில்.

இரண்டாவது, வானத்துக்கு இன்னொரு தட்டு. இதற்கு வேறு நேரக் கணக்கு. மேகம் தெளிவாக விழும் அளவுக்கு மட்டும்.

மூன்றாவது, ஸ்டூடியோவில் பிரிண்ட். அலை நெகட்டிவின் வானப் பகுதியை மறைத்துவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினார். தாளில் கடல் பதிந்தது. பிறகு அதே தாளில் பதிந்த கடலை மறைத்துவிட்டு, வான நெகட்டிவை வைத்து மறுபடி வெயிலில் காட்டினார். வானம் பதிந்தது.

ஒட்டு எங்கே? கடலும் வானமும் சந்திக்கும் தொடுவானக் கோட்டில். அது இயற்கையாகவே நேர்கோடு. அங்கே ஒட்டு இருப்பது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. காட்டை எடுத்திருந்தால் ஒவ்வொரு கிளையையும் சுற்றி மறைக்க வேண்டியிருக்கும். கடலை அவர் தேர்ந்தெடுத்ததில் இந்தச் சௌகரியமும் இருந்தது.

அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் போடும் வழக்கம் இல்லை. நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவில்தான் பிரிண்ட். பெரிய அலை படத்தின் அகலம் 40 செ.மீ.க்கும் மேல். அப்படியானால் அவர் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போன கண்ணாடித் தட்டும் அவ்வளவு பெரிசு. கேமரா எவ்வளவு பெரிசாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இது ஏமாற்று வேலையா?

இங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான முடிச்சு இருக்கிறது.

லெ கிரே கரையில் நின்று பார்த்தபோது கடலும் வானமும் அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. கேமராவால் அதைக் காட்ட முடியவில்லை. கருவியின் குறையை அவர் கையால் சரிசெய்தார். அந்த வகையில் ஒட்டுப்போட்ட படம், ஒட்டுப்போடாத படத்தைவிட உண்மைக்குக் கிட்டே இருக்கிறது. வெறும் வெள்ளை வானம் யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லையே!

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அவருடைய வெவ்வேறு கடல் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கடல் வேறு. ஆனா மேகம் அதே மேகம்! நன்றாக விழுந்த ஒரு வான நெகட்டிவை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அதாவது, அந்தக் கடலின் மேல் அந்த மேகம் அன்று இருந்ததே இல்லை.

முதலாவது இன்றைய எச்.டி.ஆர். இரண்டாவது, இன்று எடிட்டிங் ஆப்களில் வரும் வானத்தை மாற்றும் வசதி. கண்ணால் பார்த்ததைக் காட்டுவது ஒன்று. பார்க்காததைப் பார்த்த மாதிரி காட்டுவது வேறு. இரண்டுக்கும் கருவி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் கோடு மட்டும் மெல்லிசு. போட்டோ பிறந்து 20 ஆண்டுகள் ஆவதற்குள்ளேயே லெ கிரே அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நடந்துவிட்டார்.

அவரைப் பொறுத்தவரை போட்டோ என்பது ஓவியம் மாதிரி ஒரு கலை. ஓவியர் வானத்தைத் தேர்ந்தெடுத்து வரைவது தப்பில்லை என்றால், போட்டோகிராஃபர் தேர்ந்தெடுப்பது மட்டும் எப்படித் தப்பாகும் என்பது அவர் தரப்பு நியாயம். கலைப் படம் என்று சொல்லி விற்கும்வரை அந்த நியாயம் செல்லும். அதே வேலையை ஒரு செய்திப் படத்தில் செய்தால் செல்லாது. இன்று முன்னணி செய்தி நிறுவனங்கள், எடுத்த படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான்.

விரலுக்கு மீறிய வீக்கம்

புகழ் உச்சியில் இருந்த நேரம். பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் ஆன லூயி நெப்போலியனை 1852-லேயே படம் எடுத்திருந்தார் லெ கிரே. 1857-ல் பேரரசரின் உத்தரவுப்படி ஷாலோன் ராணுவ முகாமுக்குப் போய், வீரர்களையும் பயிற்சிகளையும் படம் எடுத்தார்.

இதற்கிடையே பாரிஸின் பணக்காரப் பகுதியான கபுசின் புலவாரில், 35-ம் எண் கட்டடத்தில் பெரிய ஸ்டூடியோ திறந்தார். முதலீடு பிரபு குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருடையது. உள்ளே அலங்காரம் எல்லாம் தடபுடல்.

ஆனா வியாபாரம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. டிஸ்டெரி என்ற போட்டோகிராஃபர் 1854-ல் ஒரு புது முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தட்டில் பல சின்னப் படங்கள். ஒவ்வொன்றும் விசிட்டிங் கார்டு சைஸ். விலை மலிவு. மக்கள் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம், ஆல்பத்தில் ஒட்டலாம். 1850-களின் கடைசியில் பாரிஸ் முழுக்க இந்த மோகம்தான்.

லெ கிரே அந்தப் பக்கம் போகவில்லை. போட்டோ தொழிலாகவும் தொழிற்சாலையாகவும் மாறாமல் கலையாகவே இருக்க வேண்டும் என்று அவர் தன் கையேட்டிலேயே எழுதியிருந்தார். பெரிய தட்டு, பெரிய பிரிண்ட், தங்க ரசாயனத்தில் தோய்த்து எடுத்த நிறம் என்று ஒவ்வொரு படத்துக்கும் மெனக்கெட்டார். நேரமும் செலவும் ஏறின. வாடகை ஏறியது. கணக்கு வழக்கைச் சரியாகப் பார்க்கவும் ஆளில்லை.

விளைவு? கடன். 1860 தொடக்கத்தில் கம்பெனி கலைக்கப்பட்டது. ஸ்டூடியோ கையைவிட்டுப் போனது. அப்போது அவருக்கு வயது 39.

நாவலாசிரியரோடு ஒரு கப்பல் பயணம்

அந்த நேரத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. மூன்று துப்பாக்கி வீரர்கள் கதையை எழுதிய அலெக்ஸாண்டர் டூமா, தன் சொந்தப் படகில் மத்திய தரைக்கடலைச் சுற்றக் கிளம்பினார். லெ கிரேவும் ஏறிக்கொண்டார். 1860 மே மாதம் மார்செய் துறைமுகத்தில் இருந்து எம்மா என்ற அந்தப் படகு புறப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் பிரான்ஸிலேயே விடப்பட்டார்கள். அதன்பிறகு அவர் அவர்களோடு வாழத் திரும்பவே இல்லை. இந்தக் கதையில் லெ கிரே பக்கம் நியாயம் சொல்ல முடியாத இடம் இதுதான்.

இத்தாலியில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரை கரிபால்டியின் படை பிடித்திருந்தது. படகு அங்கே போனது. குண்டுவீச்சில் இடிந்த வீதிகளையும், தடுப்புகளையும் லெ கிரே படம் எடுத்தார். கரிபால்டியையும் எடுத்தார். அந்தப் படம் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

பலெர்மோ படங்களில் அழகுக்காகச் சேர்த்த மேகக் காட்சிகள் இல்லை. இடிந்த சுவரும், கல் குவியலும், ஆளில்லாத வீதியும்தான். செத் கடற்கரையில் வானத்தைத் தேர்ந்தெடுத்த அதே கை, இங்கே இருந்ததை இருந்தபடியே வைத்தது.

படகில் சீக்கிரமே சண்டை வந்தது. மால்டா தீவில் லெ கிரேவையும் வேறு சிலரையும் இறக்கிவிட்டுவிட்டு டூமா போய்விட்டார். கையில் பணம் இல்லை. ஊருக்குத் திரும்பினால் கடன்காரர்கள். பத்திரிகைக்காகப் படம் எடுக்க சிரியா, லெபனான் பக்கம் போனார். பால்பெக்கின் ரோமானியக் கோயில் இடிபாடுகளை எடுத்தார். அங்கே அடிபட்டுப் படுக்க வேண்டியும் வந்தது. பிறகு எகிப்து.

கெய்ரோவில் 20 ஆண்டுகள்

முதலில் அலெக்ஸாண்ட்ரியா. பயணிகளையும் பிரமுகர்களையும் படம் எடுத்துப் பிழைத்தார். பின்னாளில் பிரிட்டன் அரசரான ஏழாம் எட்வர்ட், இளவரசராக எகிப்து வந்தபோது அவரையும் எடுத்தார். பாரிஸில் இருந்த நண்பர் நதாருக்குக் கடிதமும் படங்களும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

1864-ல் கெய்ரோவுக்கு மாறினார். ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தது. எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா சில வேலைகள் கொடுத்தார். ஒட்டகத்தின் மேல் பீரங்கி ஏற்றிய படைப்பிரிவு, நைல் நதிப் பயணம் என்று படங்கள் எடுத்தார்.

1867-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்குத் தன் படங்களை அனுப்பி வைத்தார். ஒரு காலத்தில் அவர் பெயரைக் கேட்டாலே கூட்டம் கூடிய அதே பாரிஸில், இந்தமுறை யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

1884 ஜூலையில் கெய்ரோவில் காலமானார். வயது 63. பிரான்ஸ் மண்ணை அவர் மறுபடி மிதிக்கவே இல்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அவர் விட்டுப்போன 35-ம் எண் கட்டடத்தில் பிறகு நதார் ஸ்டூடியோ வைத்தார். 1874-ல் அங்கேதான் ஒரு ஓவியக் கண்காட்சி நடந்தது. மோனே வரைந்த, துறைமுகத்தில் சூரியன் உதிக்கும் ஓவியம் அதில் இடம்பெற்றது. இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த கண்காட்சி அதுதான். லெ கிரே அப்போது கெய்ரோவில் மாணவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இறந்து 115 ஆண்டுகள் கழித்து

1999 அக்டோபரில் லண்டனில் ஒரு ஏலம். பிரான்ஸைச் சேர்ந்த ஜாம் தம்பதியின் சேகரிப்பில் இருந்த பழைய படங்கள் விற்பனைக்கு வந்தன. அதில் பெரிய அலை படத்தின் ஒரு பிரிண்ட் 5,07,500 பவுண்டுக்குப் போனது. அதுவரை உலகில் எந்த போட்டோவும் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. கடனுக்குப் பயந்து ஓடியவரின் ஒரு தாள்!

2002-ல் பிரான்ஸ் தேசிய நூலகம் அவருக்காகவே பெரிய கண்காட்சி நடத்தியது.

கண்ணாடியில் இருந்து கம்ப்யூட்டருக்கு

லெ கிரே கையால் செய்ததை கணக்காக மாற்றியவர்கள் 1990-களின் விஞ்ஞானிகள். 1995-ல் ஸ்டீவ் மேன், ரோசலிண்ட் பிகார்ட் இருவரும், வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் இணைப்பது பற்றி எழுதினார்கள். 1997-ல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் அதற்குத் தெளிவான செயல்முறை ஒன்றை வெளியிட்டார்கள். 2010-ல் ஐபோனில் எச்.டி.ஆர். வந்தது. 2013-ல் கூகுளின் நெக்ஸஸ் 5 போனில் எச்.டி.ஆர். பிளஸ் வந்தது. வரிசையாகப் பல படங்களைக் கொஞ்சம் இருட்டாகவே எடுத்து, அவற்றை அடுக்கிச் சேர்க்கும் முறை அது.

லெ கிரேவுக்கு இருந்த தலைவலி இன்றும் இருக்கிறது. படங்களுக்கு நடுவில் ஏதாவது நகர்ந்தால் பேய் மாதிரி இரட்டை உருவம் விழும். ஓடும் குழந்தை, ஆடும் இலை, அலை எல்லாம் இதில் மாட்டும். அவர் தொடுவானக் கோட்டில் வெட்டித் தப்பித்தார். போன் கணக்குப் போட்டுத் தப்பிக்கிறது.

நீங்கள் போனில் எடுக்கும்போது என்ன செய்யலாம்?

பின்னால் வெளிச்சம், முன்னால் ஆள் என்றால் எச்.டி.ஆர். கைகொடுக்கும். போனை ஆடாமல் பிடியுங்கள். வேகமாக நகரும் காட்சி என்றால் எச்.டி.ஆர்.-ஐ அணைத்துவிட்டும் ஒரு படம் எடுத்துவையுங்கள். கையால் வெளிச்சத்தை மாற்றும் வசதி இருந்தால், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். சாயங்காலம், காட்சி மங்கலாக ஒரே மாதிரி வெளிச்சத்தில் இருந்தால் எச்.டி.ஆர். தேவையே இல்லை.

இன்னொன்று. 2020-ல் போட்டோஷாப்பில் வானத்தை ஒரே க்ளிக்கில் மாற்றும் வசதி வந்துவிட்டது. இன்று போன் ஆப்களிலும் அது சாதாரணம். புயல், வெள்ளம், தீ விபத்து என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால், மேலே இருக்கும் வானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மேகத்தில் வெளிச்சம் ஒரு பக்கமும், கீழே நிழல் அதற்குப் பொருந்தாத பக்கமும் விழுந்தால் சந்தேகப்படலாம். அதே மேகம் வேறு ஒரு ஊரின் படத்திலும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். லெ கிரேவின் மேகங்களை ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.